தேதி இல்லாதவர்கள்

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. ஒரு பக்கம் சலவை அறை, இன்னொரு பக்கம் டயாலிசிஸ் பிரிவு. சலவை இயந்திரங்கள் வேகமெடுக்கும்போது மேசை மேலிருக்கும் தண்ணீர் பாட்டிலுக்குள் சின்னச் சின்ன வளையங்கள் ஓடும். அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் டேட்டாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கேலிக்கு வைத்த பெயர். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவள் சேர்வதற்கு முன்பே அங்கே நிறுவப்பட்டிருந்த டேட்டாபேஸ் அது. நோயாளிகளின் பெயர், ரத்த வகை, மருந்து, படுக்கை, பரிசோதனை முடிவு எல்லாம் அதற்குள் கிடந்தன. அதைத் தயாரித்த நிறுவனம் அந்த வெர்ஷனை எப்போதோ கைகழுவிவிட்டது. இருந்தாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை நோண்டுவானேன் என்று நிர்வாகமும் விட்டுவைத்திருந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் இதே மாதிரி பழைய வெர்ஷனின் ஓட்டை வழியாக யாரோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவைத்தார்கள் என்று செய்தி வந்த பிறகுதான் மேலிடம் விழித்துக்கொண்டது. உடனே புது வெர்ஷனுக்கு மாறியாக வேண்டும் என்று உத்தரவு இறங்கியது.

"நடுவுல எத்தனை வெர்ஷன் தாண்டணும்னு அவங்களுக்குத் தெரியுமா சார்?" என்று அவள் மேலாளரிடம் கேட்டாள்.

"அவங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? அவங்களுக்குத் தேதி வேணும். நான் குடுத்துட்டேன்."

மேலாளர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் கேட்பதற்கு முன்பே சரி என்று சொல்லிவிடுகிற ஆள், அவ்வளவுதான்.

முதல் ஒத்திகையிலேயே தடங்கல் வந்தது. புது வெர்ஷன் கறாரானது. பழையது வாயில் போட்டதையெல்லாம் மென்று விழுங்கியிருக்கிறது. வருஷம், மாதம், நாள் மூன்றும் பூஜ்ஜியமாக இருக்கிற தேதிகளைக்கூட அது ஏற்றுக்கொண்டிருந்தது. புதியது அவற்றைக் கண்டதும் நின்றுவிட்டது. இப்படி ஒரு நாளே கிடையாது, இதை வாங்கமாட்டேன் என்று பிழைச் செய்தி காட்டியது. தேடிப் பார்த்தால் ஆஸ்பத்திரி முழுக்க அப்படிப்பட்ட தேதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தேதி தெரியாதபோது யாரோ கட்டத்தை நிரப்பாமல் விட்டிருப்பார்கள், பழைய மென்பொருள் தானாகப் பூஜ்ஜியம் போட்டிருக்கும். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. பெரும்பாலான இடங்களில் அது சரியாகவும் இருந்தது.

ஒவ்வொரு பிரிவுக்கும் கேட்டு எழுதினாள். உங்கள் பிரிவில் இத்தனை இடத்தில் பூஜ்ஜியத் தேதி இருக்கிறது, அதை வெறுமையாக விட்டால் பரவாயில்லையா? சில பிரிவுகள் சரி என்றன. சில பிரிவுகள் பதிலே போடவில்லை. உறுப்பு மாற்றுப் பிரிவும் பதில் போடவில்லை. அங்கே பல வருஷமாக இருந்த மூத்த சிஸ்டர் ஓய்வு பெற்றிருந்தார். புதிதாக வந்த சிஸ்டருக்கு இன்னும் கம்ப்யூட்டரில் உள்ளே நுழையவே கடவுச்சொல் கிடைத்தபாடில்லை.

"பதில் வராத பிரிவுக்கெல்லாம் என்ன சார் செய்யறது?"

"வெறுமையா விடு. என்ன ஆகிடப்போகுது? பூஜ்ஜியம்னாலும் ஒண்ணுமில்ல, வெறுமைனாலும் ஒண்ணுமில்ல."

அவளுக்கும் அதில் மறுக்க ஒன்றும் தோன்றவில்லை. அவற்றை வெறுமையாக்கும் ஒற்றை வரியை அவள்தான் எழுதினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினார்கள். அன்று பகல் முழுக்க ஆஸ்பத்திரி காகிதத்தில் ஓடியது. சாயங்காலம் புது டேட்டாபேஸ் திறந்தபோது எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போனது. எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். ரசீது அடித்துப் பார்த்தார்கள், எக்ஸ்ரே முடிவைத் திறந்து பார்த்தார்கள், எல்லாம் முன்னைவிட வேகமாக வந்தது. மேலாளர் பிஸ்கட் பாக்கெட்டுகளோடு வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு காபி இயந்திரம் உண்டு. அங்கேதான் வெல்டர் ஒருவர் அவளுக்குப் பழக்கமானார். பாலங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பற்றவைத்தே வாழ்க்கையை ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டப்பட்டுக் கிடப்பவர். சிலிண்டர் லாரி ஓட்டுகிற மருமகன்தான் அவரைக் கூட்டி வருவான். இருவரும் வாய் ஓயாமல் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வார்கள்.

"நான் சாகமாட்டேன் மாப்ள. நான் செத்தா நீ நிம்மதியா இருப்ப, அதுக்காகவே இருப்பேன்."

"இருங்க மாமா. எனக்கும் வாரத்துல மூணு நாள் லோடு அடிக்காம தப்பிக்க ஒரு சாக்கு வேணுமில்ல?"

காபியில் ஒரு வாய்க்கு மேல் குடிக்க அவருக்கு அனுமதி இல்லை. அந்த ஒரு வாயை நாலு வாயாக்கி உறிஞ்சுவார். அவளைப் பார்த்தால், "ஏம்மா டேட்டா, உன் பெட்டிக்குள்ள நான் பத்திரமா இருக்கேனா?" என்பார். "இருக்கீங்க ஐயா, முதல் வரிசையில" என்று அவளும் சும்மா சொல்லிவைப்பாள்.

மாற்றி முடித்து ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை அவர் இயந்திரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முகம் ஊதியிருந்தது. கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தார்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கமாட்டியே?"

"கேளுங்க ஐயா."

"எனக்குப் பக்கத்து பெட்டுல ஒரு பையன் படுத்திருந்தான். எனக்கு நாலு வருஷம் பின்னாடி வந்தவன். என் ரத்த வகைதான். போன வாரம் அவனைக் கூப்பிட்டாங்க, கிட்னி வெச்சாச்சாம். நல்லா இருக்கட்டும், சின்னப் பையன். எனக்கு வயிறெரியல. ஆனா என்னைக் கூப்பிட்டு, உனக்குப் பொருந்தலன்னாவது சொல்லுவாங்க. முன்னல்லாம் அப்படித்தான். அந்தப் பழைய சிஸ்டரம்மா இருந்தப்ப ரெண்டு தடவை வந்து ரத்தம் குடுத்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். இப்ப ஒரு வருஷமா ஒரு போன்கூட இல்ல."

"சிஸ்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். என் பேரைத் தட்டிப் பாத்துட்டு, காத்திருப்புல இருக்கீங்கன்னு காட்டுது, பொறுமையா இருங்கன்னாங்க. பொறுமைக்கு என்ன, அது நெறைய இருக்கு."

அறைக்குத் திரும்பியதும் அவள் அவருக்காகத்தான் தேடிப் பார்த்தாள். மனசுக்குள் வேறு சந்தேகம் ஒன்றும் இல்லை. அவர் பெயரைத் தட்டினாள். பக்கம் வந்தது. நிலை, காத்திருப்பில். சிஸ்டர் சொன்னது சரிதான். அடுத்து, ஒரு சிறுநீரகம் வந்தால் யார் யாருக்குப் பொருந்தும் என்று தேடித் தருகிற நிரலைத் திறந்து, அவருடைய ரத்த வகையைக் கொடுத்து ஓடவிட்டாள். வரிசையாகப் பெயர்கள் வந்தன. அவர் பெயர் இல்லை.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று திரும்ப ஓடவிட்டாள். இல்லை. நிரலின் உள்ளே போய் என்ன கேட்கிறது என்று பார்த்தாள். இன்றைய தேதிக்கு முன்னால் பதிவானவர்களை எடு, பழைய பதிவு முதலில் வருமாறு அடுக்கு. அவ்வளவுதான். அந்தத் தேதி வரியை மட்டும் நீக்கிவிட்டு ஓடவிட்டாள். வெல்டர் எல்லோருக்கும் மேலே, முதல் ஆளாக வந்து நின்றார். பதிவுத் தேதி இருக்கவேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

பூஜ்ஜியமாக இருந்தவரை அது எல்லாத் தேதிக்கும் முந்தையது. வெறுமையாக்கிய பிறகு அது முந்தையதும் இல்லை, பிந்தையதும் இல்லை. எந்தத் தேடலிலும் அகப்படாது. பிழைச் செய்தியும் வராது.

எல்லா ரத்த வகைகளையும் தேடினாள். மொத்தம் பதினோரு பேர்.

ஓய்வு பெற்ற சிஸ்டருக்குப் போன் போட்டாள். அந்தம்மா பேரப்பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, கிசுகிசுத்த குரலில் பேசினார்.

"ஆமாம்மா, அவங்க வேற ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தவங்க. அங்க கிட்னிப் பிரிவை மூடினப்ப இங்க அனுப்பிட்டாங்க. பதிவுத் தேதி எதுவும் கூட வரல. எங்க பெரிய டாக்டர்தான், எல்லாரும் ரொம்ப நாளா காத்திருக்காங்க, தேதி போடாதீங்க, போடாட்டா தானா மேல வந்து நிக்கும்னு சொன்னாரு. நல்லபடியா நடந்துட்டு இருந்துச்சே. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டேன்" என்று போனை வைத்தாள்.

மேலாளர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"இப்ப சரி பண்ண முடியுமா?"

"ஒரு பழைய தேதி போட்டா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப போட்டுடும்மா. போட்டாச்சுன்னா முடிஞ்சுது."

"இந்த எட்டு மாசம் என்ன சார் ஆகும்?"

"எட்டு மாசத்துல எதுவும் நடக்காமயும் இருந்திருக்கலாமில்ல? நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காத."

அவள் தேதி போட்டாள். பதினோரு பேரும் திரும்ப வரிசையில் வந்து நின்றார்கள். அடுத்து, யாரும் சொல்லாமல், அந்த எட்டு மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த சிறுநீரகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இவர்கள் வரிசையில் இருந்திருந்தால் யாருக்குப் போயிருக்கும் என்று ஓடவிட்டுப் பார்த்தாள். அன்று பகல் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவில்லை. பதினோரு பேரில் நான்கு பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் உயிரோடு இருந்தபோதே அவர்களுக்குப் பொருந்துகிற சிறுநீரகம் வந்திருக்கிறது. முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போயிருக்க வேண்டும். வெல்டருக்கு இரண்டு தடவை வந்திருந்தது. பக்கத்துக் கட்டில் பையனுக்கு வைத்தது இரண்டாவது. முதலாவது, மாற்றி முடித்த இரண்டாவது மாதத்திலேயே வந்தது. அது வேறொருவருக்குப் போய், அவர் குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார்.

புது சிஸ்டரிடம் காட்டினாள். சின்ன வயசு. திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"லிஸ்ட்ல முதல்ல வந்தா மட்டும் வெச்சிடமாட்டாங்க அக்கா. டாக்டர் பாக்கணும், ரத்தம் ஒத்துப்போகணும். வந்திருந்தாலும் இவங்களுக்குக் கிடைச்சிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"கிடைச்சிருக்காதுன்னு சொல்ல முடியுமா?"

சிஸ்டர் திரையை அணைத்தாள்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டிலும் பயம் வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அன்று அழுத்தியது.

"யார்கிட்டயும் வாயைத் திறக்காத. நீ சொன்னா செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா?"

"வெல்டர் இன்னும் இருக்காரே."

"அவரைத்தான் மறுபடி லிஸ்ட்ல போட்டுட்டியே. ஒண்ணு வந்துட்டா எல்லாம் நேராயிடும்."

அவளும் அதைத்தான் நம்பினாள். நம்பினாள் என்பதைவிட அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் என்று சொல்லலாம். காபி இயந்திரம் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். வெல்டரைத் தூரத்தில் பார்த்தால் சலவை அறை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். ஒருமுறை அவர் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். இவளும் அவசரமாக ஆட்டிவிட்டு, மூட்டை மூட்டையாகக் கிடந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே புகுந்து போனாள்.

சில வாரம் கழித்து ஒரு சிறுநீரகம் வந்தது. வெல்டருக்குத்தான் முதல் அழைப்பு. மருமகன் லாரியை வழியிலேயே ஓரங்கட்டிவிட்டு ஆட்டோ பிடித்து மாமனாரைக் கூட்டிவந்தான். மகள் வேலையிலிருந்து நேராக வந்தாள். டேட்டாக்காவுக்கு சிஸ்டர் போன் போட்டு, "வந்துட்டாங்க அக்கா, ரத்தம் ஒத்துப்போகுது" என்றாள். அவள் படிக்கட்டில் ஓடி மேலே போனாள்.

வெல்டர் நீல அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து முகம் பளபளவென்று இருந்தது. "ஏம்மா டேட்டா, முதல் வரிசைன்னு சொன்னது பொய்யில்ல போலிருக்கே" என்றார். மருமகன், "கிட்னி வந்தா என்ன மாமா, வாய்க்குக் கழட்டி மாட்ட ஒண்ணு வரணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பல வாரத்துக்குப் பிறகு மூச்சு நன்றாக இறங்கியது.

மத்தியானத்துக்குமேல் இதயத்தைப் பரிசோதித்தார்கள். இரண்டு டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். மூன்றாவதாக மயக்க மருந்து டாக்டர் வந்தார். அவர் முடியாது என்று தலையை ஆட்டியதைக் கண்ணாடிக் கதவு வழியாக எல்லோரும் பார்த்தார்கள். அறுவை டாக்டர் வெளியே வந்து மகளிடமும் மருமகனிடமும் மெதுவாகச் சொன்னார்.

"இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. மயக்க மருந்தைத் தாங்காது. மேஜையிலேயே போயிடுவாரு. இந்த வருஷ ஆரம்பத்துல எடுத்த படத்துல நல்லாத்தான் இருந்திருக்கு. அப்ப ஒண்ணு வந்திருந்தா தைரியமா பண்ணியிருப்போம். இந்த மாதிரி காத்திருக்கும்போது இதயம் இறங்கிடறது உண்டு. நம்ம கையில இல்ல."

அந்தச் சிறுநீரகம் வரிசையில் இரண்டாவதாக இருந்தவருக்குப் போனது.

மருமகன் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றான். "நம்ம நேரம் மேடம். அப்ப ஒண்ணு வரல. வேறென்ன சொல்றது" என்றான்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கீழே போயிருக்கலாம். பக்கத்திலேயே லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது.

"வந்துச்சு" என்றாள்.

"என்னது?"

"வருஷ ஆரம்பத்துல ஒண்ணு வந்துச்சு. அவருக்குப் பொருந்தறது. அவர்தான் முதல் ஆள். ஆனா அப்ப அவர் பேரு வரிசையிலேயே இல்ல. டேட்டாபேஸை மாத்தினப்ப விட்டுப்போச்சு. மாத்தினது நான்தான்."

அவனுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள், பூஜ்ஜியத்தைப் பற்றி, வெறுமையைப் பற்றி. சொல்லச் சொல்ல அவளுக்கே அது அற்பமாகக் கேட்டது.

"யாருக்குப் போச்சு அது?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. உயிரோட இருக்காங்க."

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்." அவன் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். என் வாயால இதைச் சொல்லமாட்டேன்."

வெல்டர் அங்கியை மாற்றிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் மாட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கிறவரை பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும். நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, அப்பவே."

"அதான் பாத்தும் பாக்காத மாதிரி போனியா?"

"ஆமா ஐயா."

"சரி, நீ போம்மா" என்றார். "நாளைக்கு வேணா வா. இன்னைக்கு உன் மூஞ்சியப் பாக்க முடியல என்னால."

மறுநாள் போனாள். அவர் இயந்திரத்தில் இருந்தார். கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டு வந்தாள். அதற்கு அடுத்த முறை போனபோது கண்ணைத் திறந்து, "உட்காரு" என்றார். உட்கார்ந்தாள். குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. அப்படி நான்கைந்து முறை நடந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள் வீட்டிலேயே, சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்று சிஸ்டர் வந்து சொன்னாள்.

மருமகன் புகார் கொடுத்தான். விசாரணைக் குழு என்று மூன்று பேரை உட்கார வைத்தார்கள். நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேலாளர் முதலில் பேசினார். மென்பொருள் மாற்றத்தின்போது ஏற்பட்ட எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு என்றார். அவர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. காப்பாற்றத்தான் பார்த்தார்.

அவள் முறை வந்தது.

"கோளாறு எதுவும் இல்ல சார். புது வெர்ஷன் சரியாத்தான் வேலை செஞ்சுது. இந்தத் தேதியை வாங்கமாட்டேன், என்ன செய்யறதுன்னு நின்னு கேட்டுது. அதுக்குப் பதில் தெரிஞ்ச பெரிய டாக்டர் ரெண்டு மாடி மேல இருந்தாரு. நான் படியேறிப் போய்க் கேக்கல. மெயில் போட்டேன். பதில் வரல. நானா ஒரு பதிலை எழுதிட்டேன்."

"உங்க மேலதிகாரி சொல்லித்தானே செஞ்சீங்க?"

"அவரும் சொன்னாரு. எழுதினது நான்."

குழுவின் தலைவர் பேனாவை மூடினார். பின்வரிசையில் வெல்டரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அப்பாவின் பெயரை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சரியாக உச்சரிக்கவில்லை என்று வெளியே வந்ததும் அவள் தன் கணவனிடம் சொன்னது டேட்டாக்காவின் காதிலும் விழுந்தது.

தீர்ப்பு வந்தது. தொழில்நுட்பக் கோளாறு. தனிநபர் மீது நடவடிக்கை தேவையில்லை. மற்ற குடும்பங்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும். மேலாளர் அவள் தோளைத் தட்டி, "தப்பிச்சோம்மா" என்றார். அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

உரிய நேரம் வரவேயில்லை. வெல்டருக்கு முன்பே இறந்திருந்த நான்கு பேரின் வீடுகளுக்கும் யாரும் போகவில்லை. கேட்டால், வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துப்போனது. ஒரு நாள் நான்கு முகவரிகளையும் எழுதி எடுத்துக்கொண்டாள். அப்படி எடுப்பது விதிப்படி குற்றம். தெரிந்தால் வேலை போகும். கணவனிடம் அதையும் சேர்த்தே சொன்னாள்.

அவன் முகவரிகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தான். "பஸ்ல போய்த் தேடிட்டு இருப்பியா? நான் கொண்டு விடறேன்" என்றான்.

அவனிடம் இருந்தது பயிற்சிக் கார். கூரையில் பயிற்சிப் பள்ளியின் மஞ்சள் பலகை. முதல் வீட்டு வாசலில் நிறுத்தியதும் எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி, "அக்கா, இந்த வயசுலயா ஓட்டக் கத்துக்கிறீங்க?" என்று கேட்டாள். முதல் வீட்டில் இருந்த பெண் அவள் பேச்சைப் பாதியிலேயே நிறுத்தினாள். எங்க அண்ணன் போய்ச் சேர்ந்துட்டாரு, இப்ப எதுக்கு வந்து கிளறுறீங்க, எங்க அம்மா காதுல விழுந்தா தாங்கமாட்டாங்க என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். சாத்திய கதவின் முன்னால் டேட்டாக்கா கொஞ்ச நேரம் நின்றாள். வந்தது யாருக்காக, அவர்களுக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"போதும், வீட்டுக்குப் போயிடலாம்" என்றான் கணவன்.

"இன்னும் ஒண்ணு பாப்போம்."

இரண்டாவது முகவரி, மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு. வயசானவர் ஒருவர் கதவைத் திறந்தார். பஸ் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்தது அவருடைய மனைவி. பொருந்துகிற சிறுநீரகம் வந்தும் அழைப்பு போகாத இரண்டு பேரில் அந்தம்மா ஒருத்தி. கூடத்தில் ஒரு கட்டில், அதன்மேல் மடித்த துணிகள், மேசையில் இன்னும் அப்புறப்படுத்தாத மருந்து அட்டைகள். அவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். இந்த முறை பூஜ்ஜியம், வெறுமை என்றெல்லாம் சொல்லவில்லை. உங்க வீட்டம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டியது, கூப்பிடலை, காரணம் நான் செஞ்ச வேலை என்று மட்டும் சொன்னாள்.

அவர் குறுக்கே பேசவில்லை. காது கேட்கவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"கேக்குது, கேக்குது" என்றார். "போனை ராத்திரி தலைமாட்டுலயே வெச்சிட்டுப் படுப்பா. சார்ஜ் இறங்கிடுச்சா பாருங்கன்னு என்னை எழுப்பி எழுப்பிக் கேப்பா. கடைசி மாசம்கூட." கட்டிலின் மேல் இருந்த துணிகளை ஒரு பக்கமாக நகர்த்தினார். "நான்தான், தூங்குடி, வந்தா அடிக்கும்னு அதட்டுவேன்."

அவள் மேசையிலிருந்த மருந்து அட்டைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என் பையன் வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வருவான்" என்றார் அவர். "அவன்கிட்டயும் இதைச் சொல்லணும். எனக்கு இதெல்லாம் கோர்வையாச் சொல்ல வராது. நீங்க இருந்து சொல்லிட்டுப் போங்க."

"கோவப்படுவாரா?"

"படுவான். பின்ன படாம இருப்பானா?"

அவர் எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார். அவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். கணவன் காருக்கு வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். நேரமாகும், நீங்க போங்க என்று கையால் காட்டினாள். அவன் போகவில்லை. கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டான். அவள் திரும்ப நாற்காலிக்கு வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பையனுக்காகக் காத்திருந்தாள்.